மண்கரை உடைந்த ஞாயிறு

தண்ணீர் என்றால் எனக்குப் பயம். ஷா ஆலமில் குடியிருந்தபோது ஒருமுறை வீட்டுக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது. நானும் கணவரும் மாடிப்படியில் உட்கார்ந்தபடி, கீழே ஃபிரிட்ஜ் மிதந்து சுவரில் முட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். படகு வந்துதான் எங்களை மீட்டது. அதன் பிறகு பிரிக்ஃபீல்ட்ஸில், உயரமான மாடியாகப் பார்த்து ஒரு வீடு பிடித்தோம்.

அப்படியிருந்தும் என் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் தெலுக் பங்லிமா காராங் பக்கம், ஆற்றை ஒட்டிய தாழ்ந்த நிலத்தில் ஒரு பழத்தோட்டம் வாங்கினார். பாதி மங்குஸ்தான், பாதி சிக்கு என்று நாங்கள் சொல்லும் சப்போட்டா. கடல் ஏறும் நாட்களில் ஆற்றிலும் உப்புத்தண்ணீர் ஏறும். அது தோட்டத்துக்குள் வராமல் காத்தது ஒரு மண்கரைதான். நான் அந்தக் கரைப் பக்கமே போக மாட்டேன்.

அவர் அந்த வட்டாரத்துப் பழ விவசாயிகள் சங்கத்தில் சேர்ந்தார். உரத்தை மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்வதும், பழ ஈக்குப் பொறி வைப்பது எப்படி என்று வீடியோ அனுப்புவதும்தான் சங்கத்தின் வேலை என்று நினைத்திருந்தேன்.

அந்த ஞாயிறு காலை நாங்கள் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சங்கத்தின் செயலாளர் போன் செய்தார். கிள்ளானில் டயர் கடை வைத்திருப்பவர். எங்கள் தோட்டத்துக்கு அடுத்த ரம்புத்தான் தோட்டம் அவருடையது.

“அண்ணே, உங்க பக்கம் கரை ஒடைஞ்சிருச்சு. உப்புத்தண்ணி உள்ள வந்துருச்சு. நான் ஆளுங்கள கூப்ட்டுட்டேன். நீங்க ஒடனே வாங்க.”

கணவர் கை கழுவாமலே எழுந்தார். முந்தின வருடம்தான் அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். தனியாக அனுப்ப மனம் வரவில்லை. நானும் காரில் ஏறினேன்.

மரங்களுக்கு நடுவே பழுப்புத் தண்ணீர் அசையாமல் நின்றது. கடல் இறங்க ஆரம்பித்திருந்தாலும், தோட்டம் பள்ளம் என்பதால் உள்ளே புகுந்தது தானாக வெளியேற வழியில்லை. செயலாளர் லோரியிலிருந்து சங்கத்தின் பம்பை இறக்கிக்கொண்டிருந்தார்.

“சாயங்காலம் தண்ணி மறுபடி ஏறும் அக்கா. அதுக்குள்ள கரைய அடைக்கணும். இத வெளிய எடுக்கணும். வேர் இந்தத் தண்ணியில ஊறுச்சுன்னா மங்குஸ்தான் தாங்காது.”

“இன்னொரு பம்பு இல்லையா தம்பி?”

“இருக்கு. ரிப்பேருக்குப் போயிருக்கு லா.”

ஒரே பம்பு. அவர் தோட்டத்து ஓரத்திலும் தண்ணீர் பளபளப்பதை அப்போதுதான் பார்த்தேன். அவருடைய போன் அடித்தது. மறுமுனையில் அவர் மனைவி பேசியது எனக்கே கேட்டது: “நம்ம தோட்டத்துலயும் ஏறிருச்சுங்க. பம்ப இங்க கொண்டாங்க.” பம்பை எடுத்துக்கொண்டு போய்விடுவாரோ என்று பயந்தேன். போனால் குறை சொல்லவும் முடியாது.

“அண்ணன் தோட்டம்தான் பள்ளம். இங்க முடிச்சிட்டு வரேன்,” என்று சொல்லி அவர் போனை வைத்தார்.

ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். டுரியான் தோட்டம் வைத்திருக்கும் சீனத் தம்பதி ஒரு லோரி மணலும் காலிச் சாக்குகளும் கொண்டுவந்தார்கள். அந்த அம்மாள் என் கையில் ஒரு மண்வெட்டியைக் கொடுத்தார். நான் சாக்குகளில் மணலை அள்ளிப் போட்டேன். குனிந்தே இருந்தால் தண்ணீரைப் பார்க்க வேண்டியதில்லை.

உடைப்பில் மூட்டை அடுக்கக் கணவர் இறங்கினார். “நீங்க எறங்காதீங்க, அவங்க பாத்துக்குவாங்க!” என்று கத்தினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சேறு அவர் காலை வாரியது. கழுத்து வரை போனார், பிறகு தலையும் தெரியவில்லை. செயலாளரும் அந்தச் சீனரும் பாய்ந்து, இரண்டு கக்கத்திலும் கைகொடுத்து அவரைத் தூக்கிக் கரையில் போட்டார்கள். அவர் சேற்றைத் துப்பிவிட்டு, “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல,” என்றார். நான் அவர் மார்பில் கை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு யாரும் அவரை இறங்க விடவில்லை.

மாலைக்குள் உடைப்பு அடைபட்டது. எங்கள் பக்கம் சேறு மட்டும் மிஞ்சியதும் பம்பு ரம்புத்தான் தோட்டத்துக்குப் போனது. கடல் மறுபடி ஏறியபோது எல்லோரும் கரையில் நின்றோம். நானும் நின்றேன். தண்ணீர் ஒவ்வொரு மூட்டையாக ஏறியது. மேல் வரிசைக்குக் கொஞ்சம் கீழே வந்து, அங்கேயே தளும்பிக்கொண்டிருந்தது. அந்தச் சீன அம்மாள் என் முழங்கையைப் பிடித்திருந்தார். தண்ணீர் இறங்கத் தொடங்கியது என்று செயலாளர் சொன்னபோது நான் நம்பவில்லை. ஈரமான மூட்டை ஒன்று வெளியே தெரிந்த பிறகுதான் நம்பினேன்.

அடுத்த வாரங்கள் வேறு மாதிரியான பயம். சங்கத்தார் லோரியில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து வேரில் விட்டு உப்பைக் கழுவினார்கள். மண்ணில் ஒட்டிய உப்பு விலக ஜிப்சம் பொடி தூவினார்கள். “இப்போதைக்கு ஒரம் போட்டுறாதீங்க, அதுவும் உப்புதான்,” என்று செயலாளர் திரும்பத் திரும்பச் சொன்னார். போகும் ஒவ்வொரு முறையும் காரிலிருந்து இறங்கத் தயங்கினேன். மங்குஸ்தான் இலைகள் நுனியிலிருந்து கருகிக்கொண்டு வந்தன. ஆற்றோர வரிசை முழுவதும் செத்தது. மேட்டுப்பக்கம் சில மரங்கள் புதுத் தளிர் விட்டன. உப்பைத் தாங்கும் சிக்கு மரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. செயலாளருக்கும் சில ரம்புத்தான் மரங்கள் போயின. எங்களுக்காகத் தாமதித்ததால்தான் போயினவா என்று கேட்டேன். “யாருக்கு அக்கா தெரியும்?” என்றார்.

இப்போது கடல் அதிகம் ஏறும் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் சங்கத்தார் முறை வைத்துக் கரையில் நடந்து பார்க்கிறார்கள். கணவரின் முறை வரும்போது நானும் போகிறேன். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அவருடைய சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறேன். “கீழ பாத்து நட மா,” என்கிறார். அப்படித்தான் நடக்கிறேன். எங்காவது கசிகிறதா என்று பார்த்து, செயலாளருக்குப் போன் செய்து சொல்வதும் நான்தான்.