சங்கத்துக்கு ஒரு முத்திரை

எங்கள் பக்கத்துத் தோல் முதலாளிகள் சேர்ந்து நடத்திய சங்கத்தில் நான் பல வருஷம் சம்பளக் காரியதரிசியாக இருந்தேன். அதற்கு முன் மிஷன் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தவன் என்பதால் கடைசிவரை அங்கே எல்லோருக்கும் நான் வாத்தியார்தான். ஆம்பூர் கடைத்தெருவில் ஒரு மாடி அறை, நீள மேஜை, ஆளுக்கொரு மாதிரி ஆடும் நாற்காலிகள். மாதம் ஒருமுறை முதலாளிகள் கூடிப் பேசுவார்கள். பேசியதை நான் இங்கிலீஷில் மனுவாக எழுதி சென்னை சர்க்காருக்கும் டில்லி சர்க்காருக்கும் அனுப்புவேன். கப்பல் கூலி ஜாஸ்தி, குறைக்க வேண்டும். ஜோலார்பேட்டையில் சரக்கு வண்டி கிடைப்பதில்லை, கொடுக்க வேண்டும். கவனிக்கிறோம் என்று பதில் வரும். அடுத்த கூட்டத்தில் அதைத் தமிழில் படித்துச் சொல்வேன். தலையை ஆட்டிவிட்டு டீ குடிப்பார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்குச் சம்பளம் ஒழுங்காக வந்தது.

எல்லோருக்கும் பொதுவான மனக்குறை ஒன்று இருந்தது. நாங்கள் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் லண்டன் வரைக்கும் போனது. ஆனால் எங்களுக்குத் தெரிந்த கடைசி ஆள் சென்னை பெரியமேட்டுக் கமிஷன் ஏஜெண்டுதான். லண்டனில் யார் வாங்குகிறார்கள், எதற்காகச் சில தோல்களைக் கழிக்கிறார்கள், எதுவும் தெரியாது. ஏஜெண்டு சொன்னதுதான் விலை. விலை விழுந்துகொண்டே போன அந்த வருஷங்களில் ஒரு கூட்டத்தில் யாரோ, "நம்ம ஆளே ஒருத்தர் லண்டனுக்குப் போய்ப் பார்த்துட்டு வரட்டுமே" என்றார். எல்லோருக்கும் அது பிடித்துப் போயிற்று.

யார் போவது என்பதில்தான் இரண்டு மாதம் போயிற்று. சங்கத்தில் பெரிய முதலாளிகள் இருவர், ஒருவர் ஆம்பூர், ஒருவர் வாணியம்பாடி. ஒருவர் போவதை மற்றவர் பொறுக்கமாட்டார். கடைசியில், யாருக்கும் போட்டியில்லாதவர் என்பதாலேயே பேரணாம்பட்டிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு சின்ன முதலாளியைத் தேர்ந்தெடுத்தார்கள். பாய் என்றுதான் நான் அவரைக் கூப்பிடுவேன். ஐம்பதை நெருங்கிய மனிதர், கூட்டத்தில் வாயைத் திறக்கவே மாட்டார். தன் பெயர் அடிபட்டதும் அவர் பயந்துபோனார்.

"எனக்கு இங்கிலீஷு அரகொற வாத்தியாரே. அங்க போய் இன்னா பேசப்போறேன்?" என்றார் என்னிடம்.

"கத்துக்கலாம் பாய். நேரம் இருக்கு."

கப்பலேறும்வரை வாரத்தில் பாதி நாள் சாயங்காலம் பேரணாம்பட்டிலிருந்து வந்து என்னெதிரே உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில்கூட அப்படி ஒரு மாணவனை நான் பார்த்ததில்லை. வணக்கம் சொல்வதும் வானிலை பேசுவதும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. கத்திக் கீறலுக்கு என்ன சொல், உப்புக் கறைக்கு என்ன சொல், தோலின் கழுத்துப் பக்கத்தை எப்படிச் சொல்வது என்று கேட்டார். பாதிக்கு எனக்கே தெரியாது. இருவரும் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தோம்.

அவர் போய் ஐந்தாறு மாதம் இருந்தார். அதற்குள் இங்கே நிலைமை இன்னும் மோசமாகி, பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஷாப்புகள் சில கதவைச் சாத்திவிட்டன. திரும்பி வந்தவரை அழைக்க ஸ்டேஷனுக்குப் போனேன். இளைத்திருந்தார். வண்டி தாமதமாக வந்ததற்கு அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

கூட்டத்தில் முதலில் குளிர் எப்படி, சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள் என்றெல்லாம் விசாரித்தார்கள். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு விஷயத்துக்கு வந்தார். அங்கே ஒரு வியாபாரி அவருக்கு நேரம் ஒதுக்கி, தன் கிடங்குக்கே கூட்டிப்போய் எங்கள் ஊர்த் தோல் கட்டுகளைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்.

"தோலு நல்லாருக்குன்றாரு. ஆனா ஒரு கட்டு மாதிரி இன்னொரு கட்டு இல்ல. மேல இருக்கறது ஒண்ணு, நடுவுல இருக்கறது ஒண்ணு. நீங்க எல்லாம் ஒண்ணா ஒரே முத்திர போடுங்க, அந்த முத்திர இருந்தா உள்ள இன்ன தரம்னு நான் நம்பணும். அப்படின்னா ஏஜெண்டு வேணாம், நேரா உங்ககிட்டயே வாங்கிக்கறேன்னாரு."

வாணியம்பாடி முதலாளிதான் முதலில் கேட்டார். "தரம் பிரிக்கறது யாரு?"

"நமக்கு வேண்டியவங்க, வேண்டாதவங்கன்னு இல்லாம வெளியில இருந்து ஒரு ஆள வெச்சுக்கலாம்."

"என் தோலப் பார்த்து இது ரெண்டாந்தரம்னு எவனோ ஒருத்தன் சொல்லுவான். நான் கேட்டுக்கணும். எங்க வாப்பா காலத்து மார்க்காவ எடுத்துட்டு ஊர் மார்க்காவப் போடணும். அப்படித்தானே?"

ஆம்பூர் முதலாளி அதை ஆமோதித்துத் தலையாட்டினார். அவர்கள் இருவரும் ஒரே பக்கம் நின்றதை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகப் பார்த்தேன். 'யோசிக்கலாம்' என்று தீர்மானம் எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

பாய் விடவில்லை. அந்தக் கோடை முழுதும் ஒரு ஜட்கா வண்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டு வீடு வீடாக, ஷாப்பு ஷாப்பாகப் போனார். எல்லோரும் உபசரித்தார்கள். ஷர்பத் கொடுத்தார்கள், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைப் பற்றிப் பேசினார்கள். முத்திரை என்று ஆரம்பித்ததும், "அவரு சேர்ந்தாருன்னா நானும் சேர்றேன்" என்று அடுத்த ஊர்க்காரரைக் கைகாட்டினார்கள். அந்த அடுத்த ஊர்க்காரர் எங்களைக் கைகாட்டியவரிடமே திருப்பி அனுப்பினார். வெயிலில் ஜட்காவின் கூரை கொதித்தது. வீட்டுக்கு வந்து படுத்தால் உடம்பு இன்னமும் ஆடுவது போலிருக்கும்.

அப்படி ஒரு பயணத்தில் திரும்பி வரும்போது அவர் திடீரென்று சொன்னார்: "லண்டன்ல ஒரு தோல் ஷாப்புக்குப் போனேன் வாத்தியாரே. அதே நாத்தம். அங்கயும் ஒருத்தன் சுண்ணாம்புக் குழில எறங்கி நிக்கறான், கையெல்லாம் வெந்துபோய். உங்கப்பா நெனப்பு வந்துச்சு."

என் அப்பா வாழ்நாள் முழுக்க, தோலின் ரோமம் போக ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் கூலிக்கு நின்றவர். சங்கத்தில் எல்லோருக்கும் அது தெரியும், யாரும் பேசியதில்லை. "அவன் பேசினானா பாய்?" என்று கேட்டேன்.

"நான் சலாம் சொன்னேன். அவன் தொப்பியத் தொட்டான். அவ்ளோதான்."

கோடை முடிவதற்குள் சின்ன முதலாளிகள் சிலர் சம்மதித்தார்கள். முத்திரையில் என்ன படம் போடுவது என்று ஒரு கூட்டம். மயில் என்றார் ஒருவர், உருவம் கூடாது என்றார் இன்னொருவர். பிறை வேண்டாம், தாமரை வேண்டாம், ராஜா தலை போட்டால் சர்க்கார் கேட்கும். கடைசியில் வெறும் வட்டம் ஒன்றுதான் எல்லோருக்கும் சம்மதமாயிற்று. குடியாத்தத்திலிருந்து ஒரு பெரியவரைத் தரம் பிரிக்க வைத்தோம். அவர் கழித்த தோல்களை முகம் சுளிக்காமல் முதலாளிகள் திரும்ப எடுத்துப் போனார்கள். பாயின் சரக்குதான் முதலில் கழிபட்டது. "எடுத்து வெச்சுடுங்க" என்று மட்டும் சொன்னார்.

வட்டம் போட்ட கட்டுகள் கப்பலேறின. லண்டனிலிருந்து தந்தி வந்தது. சரக்கு திருப்தி, அடுத்த தடவை இரண்டு பங்கு அனுப்ப முடியுமா என்று. அதைப் படித்துக் காட்டியபோது பாய் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மறுபடி ஒருதரம் படிக்கச் சொன்னார்.

தந்தி வந்த செய்தி பெரியமேட்டுக்கும் போயிற்று. பதனிடாத பச்சைத் தோல் வாங்குவதற்கு எங்கள் ஊர்க்காரர்களுக்கு முன்பணம் கொடுத்தது எப்போதும் அந்த ஏஜெண்டுகள்தான். வட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் அதை நிறுத்திவிட்டார்கள். சண்டை இல்லை, மிரட்டல் இல்லை. "இப்ப கையில இல்லீங்க" என்று சொன்னார்களாம். லண்டன் வியாபாரி சரக்கு வந்த பிறகு பணம் தருபவர். இடையில் சந்தைக்குப் போய்த் தோல் வாங்க இவர்களிடம் ஒன்றுமில்லை. பெரிய முதலாளிகள் இருவரில் ஒருவர் கை கொடுத்திருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். பாய் இருவரிடமும் போய்க் கேட்டார். இருவரும் மரியாதையாக உட்காரவைத்து அனுப்பினார்கள்.

மழைக்கு முன்னால் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஆம்பூரில் அப்பா இறந்து புதிதாகத் தொழிலுக்கு வந்திருந்த ஒரு சின்ன முதலாளி மட்டும் சங்கத்து அறைக்கு நேரில் வந்து சொன்னார்.

"பாய், கோச்சுக்காதீங்க. தொட்டியெல்லாம் காலியா கெடக்குது. வேல செய்றவங்க தெனம் வாசல்ல வந்து நின்னுட்டுப் போறாங்க. ஏஜெண்டுகிட்ட போய்த்தான் ஆவணும்."

"போப்பா. நானும் அடுத்த வாரம் போறேன்" என்றார் பாய்.

நான் அவர் முகத்தைப் பார்க்காமல் மைக்கூட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

லண்டனுக்குச் சொல்லவேண்டியது பாக்கி இருந்தது. இந்த வருஷம் மழை, சரக்கு வண்டித் தட்டுப்பாடு, பச்சைத் தோல் வரத்துக் கம்மி என்று நான் இங்கிலீஷில் ஒன்று எழுதி, அவருக்குத் தமிழில் சொன்னேன்.

"மழ மேல போடாத வாத்தியாரே. அந்த மனுசன் எனக்காக ஒரு நாள் முழுக்கக் கெடங்குல நின்னாரு. எங்களால சேர்ந்து நிக்க முடியலன்னு எழுது."

"சங்கத்துப் பேர்ல அப்படி எழுத முடியுமா பாய்?"

"என் பேர்ல எழுது."

எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். லண்டனிலிருந்து மரியாதையாக நாலு வரி பதில் வந்தது. அதைப் பேரணாம்பட்டுக்கு அனுப்பிவைத்தேன். அதற்குப் பிறகு அவர் கூட்டத்துக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவுமில்லை. கப்பல் கூலி பற்றி மறுபடி பேச ஆரம்பித்தார்கள்.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மிஷன் கோயில் ஆராதனை முடிந்து, பஸ் பிடித்துப் பேரணாம்பட்டுக்குப் போனேன். வேலை ஒன்றுமில்லை, பார்க்கவேண்டும் போலிருந்தது. ஷாப்பு முற்றத்தில் ஆவாரம்பட்டை இடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். ஏஜெண்டுக்குத்தான் சரக்கு போய்க்கொண்டிருந்தது, விலையும் பழைய மாதிரிதான். என்னைச் சாப்பிட வைத்தார். என் பிள்ளைகளின் படிப்பை விசாரித்தார். லண்டனைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

"உடம்பு எப்படி இருக்குது பாய்?"

"முட்டி வலிக்குது. வேற ஒண்ணுமில்ல."

சாயங்கால பஸ் நேரத்துக்கு வராமல் பேஜார் பண்ணியது. வீட்டுக்குப் போகச் சொல்லியும் கேட்காமல், சாலையோரப் புளியமரத்தடியில், முட்டியைத் தேய்த்துக்கொண்டு, அது வரும்வரை என் கூடவே நின்றிருந்தார்.