தளத்துக்கு அடியில் ஒரு வளையம்

அரசலாற்றின் கழிமுகத்தில், பிரெஞ்சுக்காரர் காலத்துச் செங்கல் சுவர் ஒன்றில் இரும்பு வளையம் இருக்கிறது. அதில் முழ நீளத்துக்கு நீல நைலான் கயிறு தொங்குகிறது. சுவருக்கு முன்னால் உள்ள கான்கிரீட் தளத்தில் குப்புறப் படுத்துத் தலையை வெளியே நீட்டினால்தான் இரண்டும் தெரியும்.

சுனாமிக்குப் பிறகு அந்தப் படகுத்துறையைப் பலப்படுத்தும் பொறுப்பு ஓர் உதவிப் பொறியாளரிடம் வந்தது. நான் அப்போது ஒரு நாளிதழின் காரைக்கால் நிருபர். பொறியாளர் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர்; அவருடைய அண்ணன் அதே துறையில் மீன்பிடித் தொழில் செய்துவந்தார். பழைய சுவரில் ஆணிகூட அடிக்கக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. மழைக்காலத்துக்குள் படகு அணைய உறுதியான இடம் வேண்டும் என்றது ஊர். பொறியாளர் சுவரைத் தொடவில்லை. முன்னால் ஆற்றில் தூண்கள் இறக்கித் தளம் போட்டார். வளையம் தளத்துக்கு அடியில், இருட்டுக்குள் போனது.

"வளையத்தப் பொட்டிக்குள்ள வச்சிட்டீங்க, சரி. சாவி யாருகிட்ட இருக்குங்க?" என்று டீக்கடையில் கேட்டார்கள். அவரும் சிரித்தார்.

புதுப் படகின் முதல் கயிற்றை அந்த வளையத்தில்தான் கட்டுவார்கள். கட்டிய கையே அவிழ்க்க வேண்டும், பிறகுதான் கடல். அண்ணன் புது ஃபைபர் படகு வாங்கியிருந்தார். நீர் வற்றிய காலையில் அதைத் தளத்துக்கு அடியில் நுழைத்துக் கட்டிவிட்டு நல்ல நேரத்துக்குக் காத்திருந்தார். அதற்குள் கடல் ஏற்றம் வந்து நீர் உயர்ந்துவிட்டது. எழும்பிய படகு தளத்தின் அடியில் சிக்கி நெரிபட்டது.

நான் போனபோது சிலர் கடப்பாரையோடு நின்றார்கள். தளத்தின் விளிம்பை உடைத்தால் படகு வெளியே வரும். திறப்பு விழாவே நடக்காத தளம் அது. பொறியாளர் கைக்குட்டையை மடித்துக்கொண்டே நின்றார்.

"நீ சொல்லு தம்பி. ஒடைக்கவா, வேணாமா?" என்றார் அண்ணன்.

உள்ளே படகு முனகுவது கேட்டது.

"தண்ணிய ஊத்தி அமுத்துங்கண்ணே. தாழ்ந்தா வெளிய வந்துரும்."

முதல் நாளே படகை மூழ்கடிக்கச் சொன்னதும் ஒருவரும் அசையவில்லை. பொறியாளரே வாளியோடு இறங்கினார். படகு நிரம்பித் தாழ்ந்தது. முடிச்சு இறுகிவிட்டது. அண்ணன் கத்தியை நீட்டினார். "இதயும் நீயே செஞ்சிரு." தம்பி கயிற்றை அறுத்தார். படகு வெளியே வந்தது.

"சுவத்துக்கும் தளத்துக்கும் கீறல் இல்லைன்னு போட்டுக்குங்க சார்," என்றார் என்னிடம். போட்டேன். அது உண்மைதான்.

அண்ணன் படகை விற்றுவிட்டுத் திருமலைராயன்பட்டினத்துக்குக் குடிபோனார். மாறுதல் கேட்டும் கிடைக்காத பொறியாளர், ஓய்வு பெறும்வரை அந்தத் துறையையே பராமரித்தார். அண்மையில் நானும் அவரும் அங்கே போனோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தளத்தில் படுத்து, வெகுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கயிற்றுத் துண்டை அவிழ்த்துவிடலாமே," என்றேன்.

"கட்டுனவரு வரணுமே சார்," என்றார், தலையை எடுக்காமல்.