ஏலக்காய் மணத்த கடல்

நனைந்த காகிதம் சூடேறும்போது முதலில் பசை வாசனை வரும், பிறகு மை. எங்கள் மலையில் மூன்றாவதாக ஒன்று எழுந்து அவை இரண்டையும் மூடிவிட்டது. பச்சை ஏலக்காய் வெந்து ஆவியாகும்போது தொண்டைவரை இறங்கும், காரமும் இனிப்பும் கலந்த மணம் அது.

ஐம்பதுகளில் நான் போடிநாயக்கனூரில் பள்ளி மாணவி. நூலகத்தில் எடுத்துப் படித்தவற்றில் என்னைப் பிடித்து ஆட்டியது, கடலைப் பற்றி இரண்டு பாகங்களாக வந்த ஒரு நூல். கடலை நான் பார்த்ததில்லை. எங்கள் தெருவில் பார்த்தவர்களும் அதிகமில்லை. முதல் பாகம், திமிங்கிலம் ஒன்று கப்பலுக்கு அடியில் நுழைவதோடு நின்றுவிடும். அதைக் கெடாமல் திருப்பிக் கொடுத்தால்தான் இரண்டாம் பாகம் என்று நூலகர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

காலாண்டு விடுமுறையில் அதை "மஞ்சப்பை"யில் வைத்துக்கொண்டு, குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த அப்பாவிடம் புறப்பட்டேன். அதே தோட்டத்தில் வேலை செய்த பக்கத்து வீட்டுச் செல்லத்தாயி அத்தை துணை. ஏறும் பாதையில் ஒரு பாறைமேல் நின்று திரும்பிப் பார்த்தால், மேகம் பள்ளத்தாக்கை நிரப்பி, போடியை முழுதாக மூழ்கடித்து, கரடுகளின் உச்சிகளை மட்டும் தீவுகளாக விட்டுவைத்திருந்தது. புத்தகத்தில் படித்ததெல்லாம் உண்மைதான் என்று உடம்பு சிலிர்த்தது. "வெரசா வாத்தா, மழ வருது" என்று அத்தை கத்தியது காதில் ஏறவில்லை. தோட்டத்தை அடைந்தபோது புத்தகம் ஊறிய அவலைப்போல் உப்பியிருந்தது.

அப்பாவின் பொறுப்பில் இருந்தது "ஸ்டோர்": பறித்த காயைக் கம்பிவலைத் தட்டுகளில் பரப்பி, விறகுச் சூட்டில் உலர்த்தும் அடைத்த அறை. கதவை நினைத்தபடி திறந்தால் சூடு இறங்கி, காயின் பச்சை போய்விடும். அன்று தட்டுகள் நிறைந்திருந்தன. நான் அழுதுகொண்டே புத்தகத்தை நீட்டினேன்.

"நெறம் போச்சுன்னா மொதலாளிகிட்ட நீயா வந்து பதில் சொல்லுவே?" என்ற அப்பா, திமிங்கிலப் படத்தைக் கண்டதும் நிறுத்தினார். "இம்புட்டுப் பெரிசா மீனு?" சற்றுப் பொறுத்துச் சொன்னார்: "ஆவி விடக் கதவத் தெறக்கையில மட்டும் உள்ள போ. போனதும் வந்துரணும்."

"அண்ணே, இதையும் தரம் பிரிச்சு மூடையில கட்டிப்புடாதீக" என்றார் அத்தை.

கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் வெள்ளை ஆவி முகத்தில் மோத, அதற்குள் நுழைந்து ஈர்க்குச்சியால் தாள்களைப் பிரிப்பேன். ஒட்டியிருந்த தாள் மெல்ல விட்டுக்கொடுத்து, அடியில் ஒரு வரி அழியாமல் கிடப்பது தெரியும்போதெல்லாம் அதை ஒருமுறை படித்துவிட்டுத்தான் வெளியே வருவேன். வழவழப்பான தாளில் அச்சிட்ட திமிங்கிலப் படம் மட்டும் எதிர்ப் பக்கத்தோடு ஒட்டிப்போயிற்று, பிரித்தால் கிழிந்துவிடும்.

விடுமுறை முடிந்து திருப்பிக் கொடுக்கப் போனபோது, நூலகர் புத்தகத்தைத் திறந்ததும் மூக்கை உறிஞ்சினார். "என்னத்தா, பாயசத்துக்குள்ள போட்டு எடுத்தியா?" நடந்ததைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே புரட்டியவர், ஒட்டிய தாள் வந்ததும் சிரிப்பை நிறுத்தி, அதைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். எழுத்து வரிகளுக்கு அடியில், மங்கலாக, மிகப் பெரிதாக, திமிங்கிலம் தெரிந்தது. அவர் கை அசைந்தபோது நீந்துவதுபோல் இருந்தது. "முன்னைக்கு இப்பத்தான் உசுரோட இருக்கு" என்று எழுந்துபோய், இரண்டாம் பாகத்தை எடுத்துவந்து என் கையில் வைத்தார்.

அந்த நூலகம் இன்று அங்கே இல்லை. அதன் பழைய நூல்கள் எங்கே போயின என்று விசாரித்தேன், சொல்ல ஆளில்லை. பத்திரிகை வேலையில் எத்தனையோ கரைகளுக்குப் போய்விட்டேன். முதன்முதலாகக் கடலின் முன்னே நின்ற நாளில், அளவும் நிறமும் ஓசையும் புத்தகம் சொன்னபடியே இருந்தன; ஆனாலும் ஏதோ குறைவதாகத் தோன்றி, உப்புக் காற்றை இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஏலக்காய் மணக்காத கடலை என்னால் உடனே நம்ப முடியவில்லை.