இசக்கி பார்த்துக்கொள்வாள்

கருங்கல் சந்தையில் வாழைக்குலை இறக்கும் பகவதியப்பனுக்கு வருஷத்தில் முன்னூற்றுச் சொச்சம் நாளும் ஒரே பெயர்தான், 'ஏலே'. நாற்பத்தெட்டு வயசாகியும் அது மாறவில்லை. ஆனால் கார்த்திகை ஒன்றாம் தேதி காலையில் குளத்தில் முங்கி எழுந்து, சபரிமலைக்கென்று கழுத்தில் துளசிமாலை விழுந்துவிட்டால் போதும், சந்தையின் நாக்கு தன்னால் மடங்கிவிடும். 'சாமி, அந்தக் குலையக் கொஞ்சம் எறக்கணுமே' என்பார்கள். குலைக்கடை ஜான்ரோஸ் வேதக்காரர். சாமி என்று சொல்ல அவருக்கு வாய் வராது, ஏலே என்று சொல்ல மனசு வராது. அந்த நாற்பத்தொரு நாளும் தொண்டையைச் செருமியே ஆளைக் கூப்பிடுவார்.

விரதத்தில் பகவதியப்பனிடம் ஒரு குறை கண்டுபிடிக்க முடியாது. இரண்டு வேளை பச்சைத்தண்ணீர்க் குளி, ஒருவேளைச் சோறு, வெறும் பாயில் படுக்கை. மாலை போட்டவர்களுக்கு வீட்டுக்கு வீடு முறை வைத்துக் கஞ்சி ஊற்றுவார்கள். மற்ற நாளில் தானே பொங்கித் தானே தின்று சட்டியைக் கவிழ்த்துவிட்டுப் படுக்கிற மனுஷன், அப்போது இலை முன்னால் பத்துப் பேரோடு உட்காருவான். 'இன்னும் கொஞ்சம் சாமிக்கு' என்று ஒரு பெண்குரல் கேட்கும். பக்தி இல்லை என்று சொல்லிவிட முடியாது. இருந்தது. அதோடு இந்தக் குரலும் வேண்டியிருந்தது.

இதற்கு ஒரு இடைஞ்சல் உண்டு. மலைக்குப் போகிறவன் வீட்டில், அவன் படி இறங்கின நேரம் முதல் திரும்பி வருகிறவரை விளக்கு அணையக் கூடாது. எண்ணெய் ஊற்றித் திரி தூண்ட ஒரு பெண்ணாள் வேண்டும். குருசாமி நாராயணபெருமாள் இதில் மகா கண்டிப்பு. அரிசி வியாபாரி, வாய் அதிகம் பேசாதவர். விளக்குக்கு ஆள் இல்லாதவனுக்கு நான் இருமுடிக் கெட்டு நிறைக்க மாட்டேன் என்று முதல் வருஷமே சொல்லிவிட்டார். பகவதியப்பன் யோசிக்கவே இல்லை.

"எனக்க தங்கச்சி இசக்கி வந்து நின்னு பாத்துக்கிடுவா சாமி," என்றான்.

பச்சைப் பொய். இசக்கி புதுக்கடையில் வாழ்க்கைப்பட்டவள், அண்ணன் முகத்தில் விழிப்பதில்லை என்று இருந்தவள். அவள் தன் நாத்தனாரை இவனுக்குப் பேசி முடித்து, நிச்சயத்துக்கு இலை போட்டு ஊரே உட்கார்ந்திருந்த அன்றைக்கு இவன் போகவில்லை. ஏன் போகவில்லை என்றால் இன்றைக்கும் அவனுக்கே சரியாகத் தெரியாது. பயந்துவிட்டான். புருஷன் வீட்டில் இசக்கி பட்ட அவமானம் கொஞ்சநஞ்சமல்ல. இனி எனக்க நடையில ஏறப்பிடாது என்று ஆள்மூலம் சொல்லி அனுப்பினாள். இவனும் வீம்புக்கு ஏறவில்லை. பன்னிரண்டு வருஷம் போய்விட்டது.

அந்தப் பொய் எட்டு வருஷம் ஓடியது. ஒவ்வொரு தடவையும் வீட்டில் விளக்கை ஏற்றி, வழிய வழிய எண்ணெய் ஊற்றிவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு புறப்படுவான். விடிவதற்குள் அது அணைந்துபோகும் என்று தெரியும். எருமேலியில் மற்றவர்கள் ஆடிப்பாடும்போது இவனுக்கு இருட்டான தன் வீடுதான் கண்ணுக்குள் நிற்கும். திரும்பி வந்ததும் குருசாமி முதல் பிரசாதத்தை வாழையிலையில் பொதிந்து, விளக்கு பார்த்த பிள்ளைக்கு என்று இவன் கையில் கொடுப்பார். வீட்டுக்குப் போய் அதையும் இவனே தின்பான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் மலைக்குக் கிளம்ப மூன்று நாள் இருக்கையில், புதுக்கடையிலிருந்து குலை ஏற்றி வந்த வண்டிக்காரன் செல்வதாஸ் மாட்டை அவிழ்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னான். இசக்கி இன்றைக்கு விடியுமுன், வெளுப்பாங்காலம் இறந்துவிட்டாளாம். இரண்டு மாசமாகவே வயிற்றில் ஏதோ சூலையாம். நானாகத்தான் வந்து சொல்கிறேன், வீட்டில் யாரும் சொல்லி விடவில்லை என்றும் சொன்னான். பிறகு சாக்கை உதறிப் போட்டுவிட்டுச் சாயா குடிக்கப் போய்விட்டான்.

பகவதியப்பன் தோளில் இருந்த குலையை இறக்கி வைத்தான். அடுத்த குலையையும் இறக்கினான். கூடப்பிறந்தவளின் சாவு என்றால் மாலையைக் கழற்றியாக வேண்டும். முப்பத்தெட்டு நாள் விரதமும் போச்சு, மலையும் போச்சு. சொல்லாமல் விட்டால்? செல்வதாஸுக்கு மாலையின் சட்டதிட்டம் தெரியாது, அவன் யாரிடமும் போய்ச் சொல்லப்போவதில்லை. அந்த வீட்டிலிருந்தும் ஆள் விடவில்லை, என்னை ஒரு மனுஷனாக அவர்கள் எண்ணவில்லை, பிறகு எனக்கு என்ன தீட்டு? இப்படி ஒரு நியாயத்தைப் பிடித்துக்கொண்டு வண்டி முழுவதையும் இறக்கி முடித்தான். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

அன்று மத்தியானம் கஞ்சி குருசாமி வீட்டில். எல்லோரும் இலைமுன் உட்கார்ந்தாயிற்று. குருசாமியின் மனைவி உள்ளிருந்து ஒரு புதுச் சேலையைக் கொண்டுவந்து இவன் பக்கத்தில் வைத்தாள். எட்டு வருஷமாக விளக்கு பார்க்கிற பிள்ளையின் முகத்தைக்கூட நாங்கள் கண்டதில்லை, இதை அவளிடம் கொடுக்கணும் என்றாள்.

"தங்கச்சி எப்பம் வருவா சாமி?" என்று கேட்டார் குருசாமி.

"நாளைக்கு வருவா," என்றான். செத்துக் கிடக்கிறவளை வருவாள் என்று தன் வாயே சொன்னதைக் கேட்டதும் இலையை விட்டு எழுந்தான்.

"அவ வரமாட்டா. இன்னைக்கு வெளுப்பாங்காலம் செத்துப்போனா. ஒரு வருசமும் அவ வரல்ல சாமி. எனக்க வீட்டுல விளக்கே எரியல்ல."

பக்கத்தில் இருந்த இரண்டு பேர் இலையோடு நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, அவர்களுக்கும் விரதம் இருக்கிறது. குருசாமி தன் இலையை மடக்கிவிட்டு எழுந்தார். போட்ட மாலையைக் கழற்றவேண்டியவர் அவர்தான், ஆனால் இப்போது இவனைத் தொட முடியாது. முற்றத்தில் ஒரு உருளியில் தண்ணீர் வைக்கச் சொன்னார். பகவதியப்பன் தானே மாலையைக் கழற்றி அதில் போட்டான்.

"போ பகவதி. பொணத்த எடுக்கதுக்கு முன்ன போய்ச் சேரு," என்றார். சாமி என்று சொல்லவில்லை.

ஒன்றரை மணி நேர நடையை ஓட்டமும் நடையுமாகப் போனான். ஆனாலும் பிந்திவிட்டது. எல்லாம் முடிந்து, ஆம்பிளைகள் குளித்துவிட்டு ஈரத்துணியோடு வந்துகொண்டிருந்தார்கள். வாசலில் வாளியும் துடைப்பமுமாக நின்ற பெண்ணுக்கு இருபது வயசிருக்கும். இசக்கியின் மகள் ஞானம். கடைசியாகப் பார்த்தபோது பல் விழுந்த சின்னப்பிள்ளை.

ஆராக்கும் என்று கேட்டாள். பெயரைச் சொன்னான். அவள் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"கருங்கல் மாமனா? உங்களுக்கு ஆரு சொன்னா?"

சந்தையில் கேள்விப்பட்டேன் என்றான். ஒரு வார்த்தை சொல்லி விட்டிருக்கலாமே மக்களே என்றான். அதில் கோபமும் இருந்தது. அந்தக் கோபத்தை விட்டால் கையில் வேறெதுவும் இல்லை.

ஞானம் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தைப் பார்த்தாள்.

"அம்மைதான் சொல்லப்பிடாதுன்னா. ஒவ்வொரு கார்த்திகைக்கும் சந்தைக்குப் போற ஆளுககிட்ட, எனக்க அண்ணன் மாலை போட்டாச்சான்னு கேப்பா. இந்தத் தடவ உங்களப் பாக்கணும்னு அவளுக்கு அம்புட்டு ஆசை. அப்பா ஆள் விடுகேன்னு எறங்கினாரு. வேண்டாம், தீனம் முத்திச் செத்துட்டேன்னா மாலையக் கழத்தணும், மலைக்குப் போயிட்டு வந்த பொறவு சொன்னாப் போதும்னு சத்தியம் வாங்கிட்டா. மாலை எங்க மாமா?"

"கழத்திட்டேன் மக்களே," என்றான்.

அந்தப் பிள்ளை நனைந்த படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. அம்மை அதுக்காகத்தானே உங்கள விளிக்காமச் செத்தா என்று சொல்லிச் சொல்லி அழுதது. பகவதியப்பன் முற்றத்திலேயே நின்றான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏறக்கூடாது என்று சொன்ன நடை அது, இனி ஏறு என்று சொல்ல அவள் இல்லை.