கண்ணாடி அக்காவின் பூஜ்யம்

எங்கள் மாத்திரைக் கம்பெனியின் சோதனை அறையில் பதினோரு வருடமாகத் தற்காலிக ஊழியராகவே குப்பை கொட்டுகிறவர் கண்ணாடி அக்கா. மேசை இழுப்பறையில் ஒரு சின்ன முகக்கண்ணாடி வைத்திருப்பார். முகம் பார்க்க அல்ல. பந்தும் குச்சியுமாக மூலக்கூறு மாதிரி செய்து, அதன் பக்கத்தில் கண்ணாடியை நிறுத்திப் பார்ப்பார். கழன்ற கேஸ் என்று முதலில் நானும் சிரித்திருக்கிறேன். வீட்டில் அவர் சம்பளம் ஒன்றுதான். அடுத்த மாதம் வேலை நிரந்தரமாகும் என்று சொல்லியிருந்தார்கள்.

மேனேஜர் வேறு ரகம். முதலாளியைக் கண்டால் முதுகெலும்பே இல்லாதவர்போல வளைவார். எங்களிடம் வந்தால் அதே முதுகு விறைத்துக்கொள்ளும். படிக்கும்போது தங்கப் பதக்கம் வாங்கியதாகச் சொல்வார், அதைக் கண்ணால் கண்டவர் யாருமில்லை.

போன மாதம் டார்டாரிக் அமிலம் ஒரு டிரம் வந்தது. அதில் கொஞ்சம் கரைத்துக் குழாயில் ஊற்றி, போலாரிமீட்டர் என்ற கருவியில் வைத்து, ஊடே போகும் ஒளியை அது எந்தப் பக்கம் எவ்வளவு திருப்புகிறது என்று பார்ப்பது அக்காவின் வேலை. நாங்கள் வழக்கமாக வாங்கும் சரக்கு வலப்பக்கம் திருப்பும். இது அசைந்தே கொடுக்கவில்லை. மூன்று தடவை புதிதாகக் கரைத்துப் பார்த்தார். பக்கத்து மேசையில் இருந்து நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மூன்று தடவையும் பூஜ்யம். அப்படியே பதிவேட்டில் எழுதிவிட்டார்.

மேனேஜருக்கு வந்ததே கோபம்! "இந்த மூலக்கூறுல ரெண்டு இடத்துல இடம் வலம் மாறலாம். ஆக நாலு உருவம். நாலும் ஒளியைத் திருப்பியே ஆகணும். சோதிக்காமலே பூஜ்யம்னு எழுதி என் தலையில மிளகாய் அரைக்கிறீங்களா?"

"நாலு இல்ல சார், மூணுதான்" என்றார் அக்கா.

எதிர்த்துப் பேசிவிட்டாராம். மறுநாளே வேலையை விட்டு நீக்கும் கடிதம் தயார். சாட்சிக் கையெழுத்துக்கு என்னிடம் வந்தது. நானா, எமகாதகன்! மேனேஜரிடம், "கண்டிப்பா சார், சாயங்காலம் போட்டுடறேன்" என்றேன். கையோடு அக்காவிடம் போய், "கவலப்படாதீங்கக்கா, நான் உங்க பக்கம்" என்றேன்.

மதியம் முதலாளியே விசாரிக்க வந்தார். அக்கா முதலில் சர்க்கரைக் கரைசலைக் கருவியில் வைத்தார். ஒளி திரும்பியது. கருவியில் கோளாறில்லை. பிறகு பந்தும் குச்சியுமான மாதிரியை எடுத்துத் திருகி, நடுவில் கண்ணாடியைப் பிடித்தார். மேல்பாதியின் பிம்பம் அச்சு அசலாகக் கீழ்ப்பாதி.

"மேல்பாதி வலப்பக்கம் எவ்வளவு திருப்புதோ, கீழ்ப்பாதி அவ்வளவும் இடப்பக்கம் திருப்பிடும். கூட்டிப் பாத்தா ஒண்ணுமில்ல. நீங்க நாலாவதுன்னு எண்ணுனது இதையே தலகீழாக் கவுத்ததுதான், அதனால நாலாவதுன்னு ஒண்ணு கிடையாது. இதுக்குப் பேரு மீசோ."

"ஏன், இடமும் வலமும் சமமாக் கலந்த சரக்கா இருக்கக்கூடாதா?" என்றார் மேனேஜர். நேற்று சோதிக்கவே இல்லை என்றவர், இன்று பூஜ்யத்துக்குக் காரணம் தேடுகிறார்!

"அது எரநூறு டிகிரிக்கு மேலதான் சார் உருகும். இது நூத்தி நாப்பத்தாறுலயே உருகிடுச்சு."

முதலாளி என்னை டிரம்மைப் பார்த்துவர அனுப்பினார். லேபிளின் மூலையில் பொடி எழுத்தில் மீசோ என்றே இருந்தது. சூத்திரம் ஒன்றுதானே என்று பட்டியலில் கை போன இடத்தில் குறித்து மேனேஜரே வாங்கிய சரக்கு. வந்து சொன்னேன்.

"சரி, இவங்க சோதிச்சத நீ பாத்தியா?" என்று கேட்டார் முதலாளி. எதிரே மேனேஜர் முறைத்துக்கொண்டு நின்றார்.

"பாத்த மாதிரிதான் இருந்துச்சு சார்" என்றேன்.

கடிதத்தை முதலாளியே கிழித்துப் போட்டார். "நம்ம அக்கா கெட்டிக்காரி, நான் எப்பவும் சொல்றதுதானே!" என்று பல்லைக் காட்டினார் மேனேஜர். வெட்கமாவது, மானமாவது!

அவர்கள் போனதும் அக்காவிடம் ஓடினேன். "மேல கும்பிடு, கீழ கடி. இந்த ஆளுதான்க்கா அசல் மீசோ!" சிரிப்பார் என்று நினைத்தேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்து என் முகத்துக்கு நேரே நிறுத்தினார். "அவரு நேராவே எதிர்த்தாரு தம்பி. எந்தப் பக்கம்னு எனக்குத் தெரிஞ்சுது. நான் மூணு தடவ கரைச்சதையும் கூடவே இருந்து பாத்தவன் நீ. பாதி அவர்கிட்ட, பாதி என்கிட்ட. கூட்டிப் பாத்தா என்ன வருது, சொல்லு?"

சாயங்காலம் கையெழுத்துப் போடவென்று எடுத்து வைத்த பேனா, கண்ணாடியில், என் சட்டைப் பையில் தெரிந்தது.