நீலப் பெட்டிக்குள் ஆர்தர்

போன செவ்வாய்க்கிழமை காலையில் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. துபாயில் இருக்கும் மகள் ஒரு டிக்கெட்டைப் படமாக அனுப்பியிருந்தாள். எண்பதை நெருங்கும் அந்த ராக் பாடகர் கடைசியாக ஒரு தடவை உலகத்தைச் சுற்றி வந்து பாடப்போகிறாராம். துபாயும் பட்டியலில் இருக்கிறது. கறுப்புக் கண்ணாடியும் குறுக்கே தொங்கும் கிட்டாருமாக மனிதர் படத்தில் நிற்கிறார். கீழே மகள் எழுதியிருந்தாள்: “ஒன் ஆளு வாராருல்லா. விசா எல்லாம் நான் பாத்துக்கிடுதேன். கெளம்பி வாம்மா.”

அவளைக் குறை சொல்ல முடியாது. அந்த மனிதர் எந்த ஊரில் பாடினாலும் செய்தியைக் கத்தரித்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைக்கிற அம்மாவைப் பார்த்து வளர்ந்தவள். தூத்துக்குடிப் பக்கம் நாசரேத்தில் பிறந்து, கோயில் பாடகர் குழுவில் பாடி, வெள்ளைச் சேலைதான் ஞாயிற்றுக்கிழமைக்குச் சரி என்று நினைக்கிற தன் தாய்க்கு உள்ளுக்குள் ஒரு ராக் பைத்தியம் இருக்கிறது என்று சிநேகிதிகளிடமெல்லாம் பெருமையடித்து வைத்திருக்கிறாள். நானும் மறுக்கவில்லை. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டி வரும்.

உங்களிடம் சொல்வதற்கென்ன. அவருடைய பாட்டில் இரண்டு வரிகூட எனக்கு முழுதாகத் தெரியாது. எங்கள் வீட்டில் கிட்டார் என்றால் கிறிஸ்மஸ் கேரலுக்கு வரும் வாலிபர்கள் தோளில் கிடப்பது. அதிலும் இரண்டு கம்பி அறுந்திருக்கும். வாத்தியாராக இருந்த அப்பா டிரம்ஸ் சத்தம் கேட்டால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார். அந்த வளர்ப்புதான் நான். ஆனாலும் டிக்கெட்டைப் பார்த்ததும் கைவேலை மறந்துபோனது. இட்லிச் சட்டிக்குத் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் வைத்துவிட்டேன். சட்டி கருகி வீடெல்லாம் வாடை.

வாடை விஷயத்தில் நான் கெட்டிக்காரி என்று ஒரு காலத்தில் பெயர் எடுத்திருந்தேன். தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அது தானாக வந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் இன்றைக்கு நிலக்கரிக் கப்பல், இன்றைக்குக் கந்தகம், இது கருவாடு ஏற்றிய லாரி, இது நிலாவரை இலை மூட்டை என்று சொல்லிவிடுவேன். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் வாடை கிடையாது. பெட்டிகளுக்கு அடிக்கிற மருந்துக்கு.

பெட்டி என்றால் கன்டெய்னர். கப்பலில் வரும் சாமான்களுக்குச் சுங்கத்தில் தாள் போட்டு, வெளியே எடுத்துக் கொடுக்கிற ஒரு ஏஜென்சியில் நான் பத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது முப்பத்திரண்டு வயது. முதலாளி காயல்பட்டினத்துக்காரர், அந்த ஊரில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி காக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். வெளிநாட்டு மரத்தில் பூச்சி ஒளிந்து வரும் என்பதால், பதப்படுத்தியதற்கான முத்திரை இல்லாத மரச் சட்டங்கள் வந்தால் பெட்டியை இறுக மூடி உள்ளே விஷவாயுவைச் செலுத்த வேண்டும். ஒரு பகல் ஒரு ராத்திரி அப்படியே கிடக்கும். பிறகு கதவைத் திறந்துபோட்டுக் காற்றாடவிட்ட பின்புதான் மனிதர் உள்ளே போகலாம். எங்கள் பக்கம் இதற்கு ‘மருந்து அடிக்கிறது’ என்று சாதாரணமாகப் பெயர், கொசுவுக்கு அடிக்கிற மாதிரி.

அந்தப் பாடகர் கொழும்பில் பாடி முடித்து பெங்களூருக்குப் போகிற வழியில்தான் அவருடைய சாமான்கள் எங்களிடம் வந்தன. இரண்டு பெட்டிகள். நீலப் பெட்டியில் கிட்டார்களும் வாத்தியங்களும். சிவப்புப் பெட்டியில் மேடைச் சாமான்கள், கொழும்பில் அடித்த புது மரச் சட்டங்களோடு. மருந்து அடிக்க வேண்டியது சிவப்புக்கு மட்டும்.

பெட்டி நம்பர் நீளமானது. நாலு எழுத்து, ஏழு இலக்கம். பெட்டிகளை அடுக்கி வைக்கும் யார்டில் யாரும் அதை முழுதாகச் சொல்ல மாட்டார்கள். கடைசி நாலு இலக்கம்தான் பெட்டியின் பெயர். “தொண்ணூத்தாறு பன்னெண்டு எங்கன கெடக்கு?” என்றால் சரியாகக் காட்டிக் கொடுப்பார்கள். அந்த இரண்டு பெட்டிகளும் வெவ்வேறு கம்பெனிப் பெட்டிகள். ஆனால் கடைசி நாலு இலக்கம் ஒன்றுபோலவே அமைந்துவிட்டது. அபூர்வமாக அப்படி நடக்கும். பத்திரத்தைப் பார்த்துவிட்டு நானே சூசை அண்ணனிடம், “அண்ணே, ரெட்டப் பிள்ளை வந்துருக்கு” என்று சொல்லிச் சிரித்தேன். சூசை அண்ணன் கீழவைப்பார்க்காரர்; எங்கள் ஏஜென்சிக்கு யார்டு வேலைகளைப் பார்த்தவர். சிரித்த அதே வாயோடு, மருந்துக்காரர்களுக்கு எழுதிய சீட்டில் கை பழக்கத்துக்கு நாலு இலக்கத்தை மட்டும் எழுதினேன். நிறத்தை எழுதவில்லை.

மறுநாள் காலை ஆர்தர் வந்தார். அந்தப் பாடகரின் கிட்டார்களைப் பார்த்துக்கொள்கிறவர். அறுபத்தைந்து வயதிருக்கும், ஒல்லி, நரைத்த முடியைப் பின்னால் முடிந்திருந்தார். நாசரேத்தில் எனக்கு மூன்று ஆர்தர்களைத் தெரியும் என்று சொன்னபோது, “அவர்களும் கிட்டார் தூக்குகிறவர்களா?” என்று கேட்டார். இல்லை, ஒருவர் கோயிலில் டீக்கன், இரண்டு பேர் கணக்கு வாத்தியார் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். முப்பது வருடமாக அந்தப் பாடகரோடு ஊர் ஊராகப் போகிறாராம். மேடைக்குப் பின்னால் இருட்டில் நின்று, ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்த கிட்டாரைச் சுருதி சேர்த்துக் கையில் கொடுப்பது அவர் வேலை. வீடு எங்கே என்று கேட்டதற்கு, “அடுத்த ஊர்” என்றார். சுங்க அதிகாரி பட்டியலைச் சரிபார்ப்பதற்காக நீலப் பெட்டியைத் திறக்க வேண்டும் என்று ஆர்தர் யார்டுக்குக் கிளம்பிப் போனார்.

அவர் போய்க் கால் மணி நேரம் இருக்கும். சூசை அண்ணன் வியர்வையைத் துடைத்தபடி உள்ளே வந்தார்.

“ஏளா, மருந்து நேத்து சாயங்காலமே அடிச்சாச்சு. இன்னைக்கு நாலு மணிக்கு மேல நீலத்தத் தெறக்கலாம்.”

“செவப்பு.”

“நீலம்ளா. ஒன் சீட்டுல உள்ள நம்பருதான்.”

ஆர்தர் திறக்கப் போயிருப்பது நீலத்தை. யார்டு போனுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. அது காற்று மாசம். உப்பளத்து மண்ணை வாரி இறைக்கிற காற்று. மண்டை ஓடு போட்ட எச்சரிக்கைத் தாளைக் கதவில் ஒட்டியிருப்பார்களே என்று ஒரு கணம் தைரியம் வந்தது. “ஒட்டுனாங்க, காத்துல நிக்குமா அது?” என்றார் சூசை அண்ணன்.

என்னுடைய ஸ்கூட்டியில் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். யார்டு இரண்டு கிலோமீட்டர். லாரிகளுக்கு நடுவே புகுந்து போகும்போது கர்த்தரிடம் பேரம் பேசினேன். ஆயுசுக்கும் காப்பி குடிக்க மாட்டேன் என்றேன், அக்காவோடு மறுபடி பேசுகிறேன் என்றேன். அந்த நேரத்திலும் பெரிதாக எதையும் கொடுக்க மனம் வரவில்லை பாருங்கள். மற்றபடி எனக்குள் பயத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒரு மனிதரைக் கொன்றுவிட்டேன் என்ற பயம். பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற பயம். அதில் எது முதலில் வந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள்.

யார்டில் சுங்க அதிகாரி தள்ளி நிழலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆர்தரைக் காணோம். நீலப் பெட்டியின் ஒரு கதவு சாத்தியிருந்தது. இன்னொன்று ஒரு ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்திருந்தது. உள்ளேயிருந்து டங் டங் என்று ஒரே கம்பியைத் தட்டும் சத்தம். சூசை அண்ணன் ஓடிப்போய் இரண்டு கதவையும் பிடுங்கித் திறந்தார். “வெளிய வாங்க! வெளிய வாங்க சார்!” என்று நான் கத்துகிறேன், இங்கிலீஷ் ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. கையில் கிட்டாரோடு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஆர்தர் வெளிச்சத்துக்கு வந்தார். கிட்டாரைப் பார்க்கத்தான் இப்படி ஓடி வந்தேன் என்று நினைத்து அதை என் பக்கம் நீட்டினார்.

ஏழெட்டு நிமிடம் உள்ளே இருந்திருக்கிறார்.

ஒரு உடைமரத்தடியில் அவரை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன். என் தப்பு என்றும் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, அந்த வாயு மரத்தைக் கெடுக்குமா என்று. கிட்டாரைப் பற்றித்தான். பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு, லேசாக வலிக்கிறது என்றார். அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். இரண்டு கையும் நடுங்கிக்கொண்டிருந்தன. சூசை அண்ணன் கொண்டுவந்த டீயில் பாதி மண்ணில் சிந்தியது. அந்த வாயு நரம்பைத்தான் பிடிக்கும், முதலில் கைநடுக்கம் வரும் என்று மருந்துக்காரர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். மாட்டேன் என்றார். கையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார். இந்த நடுக்கம் இன்றைக்கு வந்தது இல்லையாம். மூன்று வருடமாக இருக்கிறதாம். பாடகருக்குத் தெரியாதாம். யாரும் பார்க்கக் கூடாது என்றுதான் தனியாகப் பெட்டிக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, முன்கூட்டியே சுருதி சேர்க்கிறாராம். “டாக்டர் கையைப் பார்த்தால் இன்றைக்கே என்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே எனக்கு ஒன்றும் இல்லை. தயவுசெய்து யாரிடமும் சொல்லாதே,” என்றார்.

அதற்குள் காக்காவுக்கு விஷயம் எட்டிவிட்டது. போனில் பதறினார். “பிள்ளே, அந்த மனுசன ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. லைசென்ஸ் போனாப் போவட்டும். அல்லாவுக்குப் பதில் சொல்லணும் நாம.”

நான் சொன்னேன்: “நல்லா இருக்காரு காக்கா. பெட்டி வாசல்லதான் நின்னுருக்காரு. தலைவலிகூட இல்லன்னு சொல்லுதாரு.”

சூசை அண்ணன் என்னைப் பார்த்தார். ஆர்தர் கெஞ்சியதால்தான் அப்படிச் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன். அது பாதிதான் உண்மை. ஆஸ்பத்திரி என்றால் போலீஸ். போலீஸ் என்றால் என் கையெழுத்துப் போட்ட சீட்டு. அவர் வேண்டாம் என்றபோது எனக்கு உடம்பெல்லாம் லேசாயிற்று. அந்த லேசானதை நினைத்துத்தான் இன்றைக்கும் கூசுகிறேன்.

சிவப்புக்கு மருந்து அடித்து மறுநாள் அனுப்புவதாயிற்று. நீலப் பெட்டியின் லாரி கிளம்புகிற மாலை வரைக்கும் அவர் பக்கத்திலேயே இருந்தேன். மூச்சு சரியாக விடுகிறாரா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கண் சொருகுகிற மாதிரி இருந்தால் பேச்சுக் கொடுப்பேன். அவர் ஒரு கிட்டாரை மடியில் போட்டுச் சுருதி சேர்த்தார். ஒரு கம்பிக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. நடுவில் என்னைப் பார்த்து, “நீ பயப்படாதே, இது பழைய கை,” என்று சிரித்தார். கிளம்பும்போது லாரியின் முன்சீட்டில் இருந்து கையை ஆட்டினார். ஆட்டுகிற கையில் நடுக்கம் தெரியாது.

அதன் பிறகுதான் கத்தரிப்பது தொடங்கியது. பெங்களூர் நிகழ்ச்சி நன்றாக நடந்தது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். சிங்கப்பூர், சிட்னி, எங்கெங்கோ. மகள் நினைக்கிற மாதிரி பாடகர் முகத்துக்காக நான் கத்தரிக்கவில்லை. அவர் தோளுக்குப் பின்னால், இருட்டில், முடியைப் பின்னால் முடிந்த ஒரு ஒல்லி மனிதர் தெரிகிறாரா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடியிருக்கிறேன். இரண்டு படங்களில் அவராக இருக்கலாம் என்று தோன்றியது. அதற்கப்புறம் இல்லை.

இப்போது அந்த யார்டே இல்லை. அந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. கடைசி நாலு இலக்கத்தை இன்றைக்கு யாரும் சீட்டில் எழுதுவதில்லை, மெஷின் முழு நம்பரையும் படித்துக்கொள்கிறது. காக்கா மௌத்தாகிவிட்டார். சூசை அண்ணன் கடைசிவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரையும் கீழவைப்பாரில் அடக்கம் செய்துவிட்டார்கள்.

டிக்கெட் வந்த அன்று மத்தியானம், கருகிய சட்டியைத் தேய்த்துவிட்டு, அந்தப் பாடகர் இந்தக் கடைசிப் பயணத்தைப் பற்றிக் கொடுத்த பேட்டி ஒன்றை போனில் தேடிப் பார்த்தேன். பழைய சகாக்களைப் பற்றிக் கேட்டார்கள். ஆர்தர் என்று பெயர் சொன்னார். இறந்து பல வருடமாயிற்றாம். “அவன் கையைப் போல உறுதியான கையை நான் பார்த்ததில்லை. இந்தியாவில் பாடிவிட்டு வந்த பிறகுதான் நடுங்க ஆரம்பித்தது. அடுத்த வருடமே வேலையை விட்டுவிட்டான்,” என்றார்.

அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டேன். பாடகருக்குத் தெரிந்திருக்காது, அவரிடம் ஆர்தர் மறைத்துத்தானே வைத்திருந்தார் என்று ஒரு பக்கம் மனம் சொல்கிறது. அழுகிற ஒருத்தியைப் பார்க்கப் பொறுக்காமல் அந்த மனிதர் மூன்று வருட நடுக்கம் என்று அங்கேயே ஒரு பொய்யைச் செய்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனாரோ என்று இன்னொரு பக்கம். இரண்டில் எது என்று ஆர்தர் ஒருவருக்குத்தான் தெரிந்திருக்கும். அவர் உயிரோடு இருந்த அத்தனை வருடமும் அவரைப் படத்தில்தான் தேடினேன். ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்க எனக்குப் பயமாக இருந்தது.