ஏப்பத்துக்கு ஒரு விழா

மாடு விடும் ஏப்பத்தில் மீத்தேன் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அறிவியலை நம்பாத பட்டிக்காட்டுக்காரி என்று என்னை நினைத்துக்கொள்வார்கள். நான் கிருமாம்பாக்கத்தில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. குடியிருப்பது செலியமேட்டில். வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் இரண்டு கறவை மாடுகள். மீத்தேன் பூமியைச் சூடாக்குகிறது என்று வருடந்தோறும் பாடம் நடத்துகிறவள். எனக்கு அந்த வாயுவோடு சண்டை கிடையாது. அதைக் குறைக்கிறேன் என்று கிளம்பி வந்தவர்களோடுதான்.

முதல் கூட்டம் கடலூர் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பால் சங்கத்தில் பால் ஊற்றுகிற எல்லாரும் வரவேண்டும் என்று உத்தரவு. சங்கத் தலைவர் வேறு யாருமில்லை, என் மூத்தார், கணவரின் அண்ணன். கஞ்சி போட்ட வேட்டியில், பெண்ணைப் பெற்ற தகப்பன்போல வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றார். ஏசி ஓடுவதற்காக வெளியே ஒரு ஜெனரேட்டர் கரும்புகையைக் கக்கிக்கொண்டிருந்தது. உள்ளே, மாடுகள் காற்றைக் கெடுப்பதாகப் பேச்சு.

பேசியவர் திட்டத்தின் பெரிய அதிகாரி. "மாடு பின்னால விடுற காத்துதான் இன்னிக்கு உலகத்துக்கே பிரச்சனை" என்றார். மண்டபம் சிரித்தது. சிரிக்க நேரம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். நான் எழுந்து, பெரும்பங்கு வாய்வழியே ஏப்பமாகத்தான் வருகிறது என்றேன்.

"மேடம் டீச்சருங்களா? ரொம்ப சந்தோஷம். உக்காருங்க."

உட்கார்ந்தேன். அவர் மறுபடியும் பின்பக்கத்துக்கே போனார். அதற்குத்தான் கைதட்டல் வருகிறது என்று தெரிந்துகொண்டார் போலும்.

பிறகு குரலைத் தாழ்த்தி, இனி இதற்கெல்லாம் கட்டுப்பாடு வரும், எந்த ஊர் மாடு எவ்வளவு வாயு விடுகிறது என்று கேட்பார்கள், இப்போதே தயாராகிற சங்கம்தான் பிழைக்கும் என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "இன்னா சார், வண்டிக்கு வாங்குற மாதிரி மாட்டுக்கும் பொகை சர்டிபிகேட்டா?" என்று கேட்டார். அன்றைக்கு அந்த மண்டபத்தில் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான். அதற்கும் பதில் வரவில்லை. பிரியாணிப் பொட்டலம்தான் வந்தது.

திட்டம் இதுதான். தீவனத்தில் கலந்து கொடுக்க ஒரு பொடி. அதைத் தின்றால் ஏப்பத்தில் மீத்தேன் குறையும். குறைகிறதா என்று தெரிய, சில மாடுகளுக்குப் பொடி கொடுத்தும் சில மாடுகளுக்குக் கொடுக்காமலும் அளந்து பார்ப்பார்கள். பொடி மூட்டைகள் மூத்தார் வீட்டுக் கிடங்கில் இறங்கின. அளக்கிற வேலைக்கு ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தாள். பாகூரில் அறை எடுத்துத் தங்கி, விடிந்ததும் ஸ்கூட்டரில் வந்துவிடுவாள்.

இந்தக் கதையில் நான் மதிக்கிற ஒரே ஆள் அவள். என் செவலை மாடு சாதுவாக இருந்ததால் அதைத் தேர்ந்தெடுத்தாள். கழுத்தைச் சுற்றி வளைந்த குழாய் மாதிரி ஒரு வெள்ளைக் கலம், அதிலிருந்து மூக்குவரை நூல்போல ஒரு சின்னக் குழாய். கலத்துக்குள் வெற்றிடம் என்பதால் மாடு மூச்சும் ஏப்பமும் விடவிட, அந்தக் காற்றை அது கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்ளும். எனக்கு அது பிடித்திருந்தது. சுத்தமான வேலை.

"டீச்சர், உங்க மாட்டுக்கு மட்டும் பொடி குடுத்துடாதீங்க. இது பொடி திங்காத கூட்டம். இதை வெச்சுத்தான் மத்ததை ஒப்பிட்டுப் பார்க்கணும்" என்றாள்.

"எனக்குமா சொல்ற?" என்றேன். சிரித்தாள்.

மூத்தார் வீட்டு மாடு பொடியை இரண்டு வேளை முகர்ந்து பார்த்துவிட்டுத் தொட்டியையே திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்தில் கலத்தை மாட்டப் போனால் உதைத்தது. அவர் பொடியை நிறுத்திவிட்டார். நிறுத்தியதை யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால், "ஜோரா துன்னுது" என்பார். சங்கத்தில் பாதிப்பேர் அவரைப் பார்த்துப் பொடியை நிறுத்திவிட்டு, கேட்டால் அதையே சொன்னார்கள். மூட்டைகள் கிடங்கில் அசையாமல் இருந்தன. அளக்கிற பெண் மட்டும் மழையிலும் வெயிலிலும் அலைந்துகொண்டிருந்தாள்.

ஒரு நாள் பள்ளியில் மதியத்தோடு விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் கட்டுத்தறியில் செவலை இல்லை. கன்று கத்திக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "உங்க மூத்தாரு வந்து ஓட்டிக்கினு போனாரும்மா. வெள்ளக்காரங்கள்லாம் வந்துகிறாங்களாம் பாக்கறதுக்கு" என்றார்.

கணவருக்குப் போன் செய்தேன். அவர் வில்லியனூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலையில் இருந்தார்.

"அண்ணன் கேட்டாரு. சரின்னு சொன்னேன்" என்றார்.

"யாரு மாட்டை?"

"விடேன்டி. ஒரு மணி நேரந்தானே."

அவருடைய அண்ணன் கேட்டால் அவரையேகூட ஓட்டிக்கொண்டு போகலாம். போனை வைத்துவிட்டு நடந்தேன்.

மூத்தார் வீட்டுக் களத்தில் ஷாமியானா. நாற்காலிகளுக்கு வெள்ளை உறை. நடுவில் என் செவலை, கொம்பில் சாமந்திப் பூ, நெற்றியில் குங்குமம், கழுத்தில் கலம். வெளிநாட்டு விருந்தினர்கள் இரண்டு பேர் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெரிய அதிகாரி மைக்கில், நம்முடைய பொடியைத் தொடர்ந்து சாப்பிட்ட மாடு இது, வாயு வெகுவாகக் குறைந்திருக்கிறது, பால் கூடியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். மூத்தார் பக்கத்தில் நின்று மாட்டின் முதுகைத் தடவி, "நம்ம மாடுதான் சார், நம்ம வூட்டு மாடு" என்று தமிழில் அதற்குத் துணைபோனார்.

பொடியை ஒரு சிட்டிகைகூடத் தின்னாத மாடு. தின்னாததற்காகவே தேர்ந்தெடுத்த மாடு. மாணவி கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் நேராகப் போய் முளையிலிருந்து கயிற்றை அவிழ்த்தேன்.

மூத்தார் பல்லைக் கடித்துக்கொண்டு, முகத்தில் சிரிப்பு மாறாமல், "இன்னாம்மா பண்ற? பெரியவங்க உக்காந்துகிறாங்க" என்றார்.

"கன்னு கத்துது மாமா."

"போட்டோ இன்னும் எடுக்கல."

"உங்க மாட்டை நிறுத்தி எடுத்துக்கங்க. அதான் ஜோரா துன்னுதே."

அதிகாரிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "யாரும்மா நீங்க? புரோகிராம் நடக்குதில்ல?" என்றார்.

"மாட்டுக்குச் சொந்தக்காரி. இந்த மாடு உங்க பொடியைத் தின்னதே இல்லை" என்றேன். அதையே ஆங்கிலத்திலும் ஒருமுறை சொன்னேன், விருந்தினர்களைப் பார்த்து, வகுப்பில் சொல்வதுபோல நிறுத்தி நிதானமாக. அவர்களில் ஒருவர் அகலமாகச் சிரித்து, மாட்டையும் என்னையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டார். இதுவும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்திருக்க வேண்டும். இன்னொருவர் புரிந்துகொண்டார். ஆனால் அவர் அந்த நேரத்தில் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைக்க ஆரம்பித்து, நான் களத்தைத் தாண்டும்வரை துடைத்துக்கொண்டே இருந்தார். படிப்பும் பதவியும் சேர்ந்து ஒரு மனிதனை எவ்வளவு கோழையாக்கும் என்பதை அவர் கைக்குட்டையில் பார்த்தேன்.

சாயங்காலம் மாணவி வந்தாள். கலம் செவலையின் கழுத்திலேயே இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து கழற்றினோம்.

"நீ ஏம்மா வாயைத் தொறக்கல?" என்று கேட்டேன்.

"மைக்ல பேசினாரே, அவர்தான் டீச்சர் என் கைடு."

கொஞ்ச நேரம் கன்று பால் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஆனா வாயு உண்மை. ஒழுங்கா தின்ன மாடுங்ககிட்ட நிஜமாவே குறைஞ்சிருக்கு. கொஞ்ச மாடுங்கதான். ஆனா குறைஞ்சிருக்கு" என்றாள். எனக்குக் கோபம் இன்னும் கூடியது. பொய் சொல்லத் தேவையே இல்லாத இடத்தில் பொய் சொல்லியிருக்கிறார்கள். உண்மையாக உழைத்துக் கிடைத்ததைக் குப்பையில் போட்டுவிட்டு, பூ வைத்த மாட்டைக் காட்டியிருக்கிறார்கள்.

செவலையின் கணக்கைப் பொடி தின்னாத கூட்டத்திலேயே வைப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். வைத்தாள். அதற்காக அந்த அதிகாரி அவளை வேறு வேலைக்குத் தள்ளிவிட்டார் என்றும், அவள் வழிகாட்டியை மாற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள் என்றும் பிறகு அவளே போனில் சொன்னாள். குரல் நன்றாக இருந்தது.

ஊரில் ஒன்றும் ஆகவில்லை. ஏரிக்குப் போகிற வழியில், இது மீத்தேன் குறைந்த முன்மாதிரிக் கிராமம் என்று ஒரு பலகை நட்டார்கள். பொடி மூட்டைகள் ஐப்பசி மழையில் கிடங்கு ஒழுகி, நனைந்து கட்டிபட்டன. சொன்ன கட்டுப்பாடு எதுவும் இதுவரை வரவில்லை. வந்தாலும் அதைக் கண்காணிக்க அந்த அதிகாரியைத்தான் அனுப்புவார்கள். மூத்தாருக்குச் சால்வையும் கேடயமும் கிடைத்தன. கேடயத்தில் ஒரு மாடு உண்டு. அதுவாவது அவருடையதாக இருக்கட்டும்.

என் கணவர் ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்து பார்த்தார். பிறகு பசித்தது, பேசினார்.

பொங்கலுக்கு முன்னால் ஓரகத்தி, மூத்தாரின் மனைவி, வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். கொட்டகை வாசலிலேயே நின்று, "மாட்டுப் பொங்கலுக்கு நம்ம வூட்டுக்கு வந்துடும்மா. நடந்ததை அவரு மனசுல ஒண்ணும் வச்சிக்கல" என்றார்.

"நான் வச்சிக்கினு இருக்கேன்னு போய்ச் சொல்லுங்கக்கா" என்றேன். பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன். ஓரகத்திமேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.